சண்பகத்தின் பைனாகுலர்

கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் சார். போட்டபடியே பாருங்கள். அதற்காகத்தானே உங்களைக் கூப்பிட்டேன்.

எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பைனாகுலரைக் கையில் கொடுத்ததும் முதல் வேலையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். பிறகு பறவை எங்கே என்று வெறுங்கண்ணால் தேட மறுபடி எடுத்து மாட்டுவார்கள். மாட்டுவதற்குள் அது போய்விடும். கண்ணாடி போட்டவர்களுக்கென்றே ஒரு அளவு இருக்கிறது. கண்ணுக்கும் பைனாகுலரின் பின்பக்க லென்ஸுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வரை விட்டால் முழுப்படம் தெரியும் என்கிற அளவு. அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. எத்தனை மடங்கு, என்ன விலை, அவ்வளவுதான்.

அப்புறம், உங்கள் போனைக் கொஞ்சம் அமர்த்திவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவது கிடையாது, கோயில் கொடைத் திருவிழாவில் மேளம்கூட மெதுவாகத்தான். ஊரே பறவைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறது, நாம் ஏறிவந்து சினிமாப் பாட்டு அலறவிடுவது நன்றாக இல்லை. நான் இந்தப் பறவை பார்க்கிற கோபுரத்தில் ஏறியதும் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவேன். வழக்கம்.

நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று. விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், ஏறிவந்த முதல் ஆள் நீங்கள். அதிலும் கண்ணாடி போட்ட ஆள். என் மனைவியும் கண்ணாடிதான். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. உங்களுக்கும் அதுதானா? பாருங்களேன்.

அவள் வருகிறாள். இன்றைக்கு, இந்தக் குளத்துக்கு. அவள் வருவதற்குள் இந்த இரண்டில் எதைக் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். எனக்குத் தூரத்தில் எதுவும் தப்பாது சார், அதுதான் சிக்கல். கிட்டத்தில்தான் இப்போது எழுத்து மங்குகிறது, ஐம்பது வரப்போகிறதே. என் கண்ணை வைத்துக்கொண்டு அவளுக்கு எது சரி என்று சொல்ல முடியாது. அதனால் உங்கள் கண்ணைக் கொஞ்சம் கடன் கேட்கிறேன்.

கழுத்தில் தொங்குகிறதே, இது என்னுடையது. முக்கால் கிலோ. இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பெண்கள் கழுத்துக்கு ஆகாது. போட்டி இந்தச் சின்னது இரண்டுக்கும்தான்.

கறுப்பு பழையது. பத்து மடங்கு. எடுத்துப் பாருங்கள், கால் கிலோ தக்காளிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இரண்டு இடத்தில் மடியும், மடித்தால் கைப்பைக்குள் போய்விடும். பச்சை புதியது. எட்டு மடங்கு. கனம் ஏறக்குறைய அதேதான். பெட்டி பிரித்து இரண்டு நாள்தான் ஆகிறது.

பத்துதானே பெரிது, பத்தையே கொடுத்துவிடலாமே என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பத்து மடங்கு பறவையை மட்டும் பெரிதாக்காது சார், கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். இவ்வளவு இலேசான சாமானில் அது இன்னும் மோசம். கனம் இருந்தால் கை தானாக நிதானப்படும். பார்வை விரிவும் குறையும். எட்டில் முழு மரம் தெரிந்தால் பத்தில் பாதி மரம்தான். எனக்கு அது பொருட்டில்லை. என் கை நடுங்காது. கடல் நடுவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்தவன், குளிர்காற்றில் நின்று மீட்டர் பார்த்துப் பழகிய கை.

முதலில் கறுப்பு. அதோ, நடுக்குளத்தில் தண்ணீருக்குள் நிற்கிற கருவேலமரம். மரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூடு, அதில் நாரைக்குஞ்சு மூன்று. மஞ்சள் மூக்கு நாரை. குஞ்சுக்கு மூக்கு இன்னும் மஞ்சளாகவில்லை. தெரிகிறதா?

தெரிகிறது. நல்லது.

இது சண்பகத்தினுடையது. சண்பகம், என் மனைவி. ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்று ஒரு ஊர், அங்கேதான் இருந்தோம். கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவள் அந்த வருஷம் கேட்டது ஒரு நல்ல குளிர்கோட்டு. கோட்டு எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இதற்காக நான் பல கடை ஏறி இறங்கி, பத்திரிகையெல்லாம் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினேன். அவளுக்குத் தூரத்துப் பார்வை குறைவு, அதனால் கூட இரண்டு மடங்கு இருக்கட்டும் என்று பத்தாகப் பார்த்து எடுத்தேன்.

சனிக்கிழமை தவறாமல் கடலோரப் பாறைக்குப் போவோம். பஃபின் என்று ஒரு பறவை சார். புறா அளவுதான் இருக்கும், கிளி மூக்கில் யாரோ வர்ணம் அடித்துவிட்ட மாதிரி. நான் சொல்வேன், "அந்த வெடிப்புக்கு மேலே, இரண்டாவது தட்டு, மூன்று மணி." அவள் பைனாகுலரைத் தூக்குவாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"மூக்கைப் பாத்தியா?"

"பாத்தேன்."

முடிந்தது. ஒரு நாளும் "எங்க, எங்க" என்று கேட்டது கிடையாது. கூட வருகிற வெள்ளைக்காரர்களின் மனைவிமார் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். கழுத்து வலிக்கிறது, கண் கூசுகிறது, ஒன்றுமே தெரியவில்லை என்று. சண்பகம் ஒரு குறை சொன்னதில்லை. அவ்வளவு வேகமான கண்.

சில வருஷம் போனதும் காரிலேயே உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். குளிர், பாவம். ஃப்ளாஸ்கில் காப்பி இருக்கும். நான் திரும்பி வந்ததும் மூடியில் ஊற்றிக் கொடுத்து, "என்னல்லாம் பாத்தீங்க?" என்று கேட்பாள். சொல்வேன். பெயர், எத்தனை, சேவலா பெட்டையா எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். அவள் என்ன பார்த்தாள் என்று நான் கேட்டதில்லை. காருக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

என்ன சார் சொன்னீர்கள்? பொந்து மாதிரியா?

சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு பொட்டுதானா? அப்போது தெரிகிறது என்றீர்களே.

...நான் ஆசையாகக் காட்டினேன் என்பதற்காகவா? இதென்ன சார். பார்வை விஷயத்தில் மரியாதை பார்க்கலாமா? நல்லவேளை, இப்போதாவது சொன்னீர்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் நொடியில் சரிபண்ணியிருப்பேன். கொடுங்கள் இங்கே.

கண் வைக்கிற இடத்தில் இந்த ரப்பர் விளிம்பு இருக்கிறதே, கண்ணாடி போட்டவர்கள் இதை வெளிப்பக்கமாக மடக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மடக்காவிட்டால் கண் எட்டத்தில் போய்விடும், சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். பாருங்கள், வரமாட்டேன் என்கிறது. என்ன விறைப்பு. மடக்கிப் பழகிய ரப்பராக இருந்தால் விரலுக்கு இளகிக் கொடுக்கும். இது... ஆ, வந்துவிட்டது. மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

ஒரு தடவைகூட மடக்கவே இல்லை.

அவள் சாமானை அப்படி வைத்துக்கொள்வாள் சார். வாங்கின கருக்கு அழியாமல். கல்யாணத்துக்கு எடுத்த குக்கர் இன்னும் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது.

இல்லை, மடக்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்குக் கண் வித்தியாசம் உண்டு. தெரியாவிட்டால் சொல்லியிருப்பாள்தானே? அவள் உங்களை மாதிரி வெளியாள் இல்லையே.

சரி, அதை விடுங்கள். இப்போது பச்சையைப் பிடியுங்கள். இதில் மடக்குகிற வேலை இல்லை, திருகினால் இறங்கிவிடும். இறக்கிவிட்டேன். அதே மரம், அதே பத்து மணி.

பார்த்தீர்களா, "ஏயப்பா" என்றுவிட்டீர்கள். எல்லோருக்கும் முதல் தடவை அதுதான் வரும். சண்பகத்துக்கு வந்ததில்லை. அமைதியான சுபாவம்.

நன்றாகப் பாருங்கள். அம்மா நாரை சிறகை விரித்து வைத்திருக்கிறது, தெரிகிறதா? குஞ்சுக்கு நிழல். வெயில் நகர நகர அதுவும் நகர்ந்து நிற்கும். நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இதை அவள் ஒரு தடவை, இந்தப் பச்சையில் முழுசாகப் பார்த்துவிட்டால் போதும் சார். திரும்பிப் போக மனசு வராது. இருந்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

சொல்லவில்லையோ? அவள் இன்னும் அபர்தீனில்தான் இருக்கிறாள். நான் மட்டும்தான் வந்தேன், போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், கையில் ஒரு தொகை கொடுத்தார்கள், போதும் என்று வந்துவிட்டேன். பெருமாள்புரத்தில் வீடு, பின்னால் ஒரு வேப்பமரம், அதில் செம்போத்து வருகிறது. அவளுக்கு அங்கே மருந்துக்கடையில் வேலை. மகள் மதுரா படிப்பை முடித்ததும் வந்துவிடுவாள் என்று பேச்சு. மதுரா முடித்து வேலைக்கும் போய்விட்டாள். இப்போது மருந்துக்கடையில் மாற்று ஆள் கிடைக்கவில்லையாம். சண்டை எதுவும் இல்லை சார், அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் குரல் உயர்ந்ததே கிடையாது.

நான் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒன்று சொன்னாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், "என்னையும் அக்கரையில நின்னுதான் பாக்கீங்க." எங்கள் நடுவில் ஒரு சாப்பாட்டு மேஜை கிடந்தது, அவ்வளவுதான். அக்கரை எங்கே வந்தது? சிரித்துவிட்டேன். அவளுக்கு இப்படி எதையாவது போகிறபோக்கில் சொல்கிற பழக்கம் உண்டு. தோசை நன்றாக இருந்தது.

பெட்டி அடுக்கினதும் அவள்தான். இங்கே வந்து பிரித்தால் என் ஸ்வெட்டருக்குள் சுற்றி இந்தக் கறுப்பு. போனில் கேட்டேன், "உன்னுடையதை ஏன் வைத்தாய்" என்று. "அங்கதான பறவ இருக்கு, இங்க எனக்கு எதுக்கு" என்றாள். அப்போதே எனக்கு நிம்மதி சார். சாமானை முன்னால் அனுப்பிவிட்டு ஆள் பின்னால் வருவதில்லையா? அது மாதிரி.

தினமும் இரண்டையும் எடுத்துவருவேன். என்னுடையதையும் அவளுடையதையும். யாராவது ஏறிவந்தால் கொடுப்பேன். பெரும்பாலும் யாரும் ஏறுவதில்லை. ரோட்டோரத்தில் இன்னொரு கோபுரம் இருக்கிறதே, எல்லோரும் அதோடு திரும்பிவிடுவார்கள். இது கரை சுற்றி நடந்து வரவேண்டும், முன்னால் பனையோலைத் தட்டி வேறு. தட்டி இருப்பதுதான் நல்லது. பறவைக்கு நாம் இருப்பதே தெரியாது.

இப்போது எப்படி வருகிறாள் என்கிறீர்களா? அவள் தங்கை மகன் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் மண்டபம். பார்த்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள், நான் தூண் ஓரமாக. அரக்குப் பட்டு. கண்ணாடி ஃபிரேம் மாற்றியிருக்கிறாள். காதோரம் நரை, சாயம் போடவில்லை. கொஞ்சம் மெலிவு. பந்தி முடிகிற நேரம் அவளாக வந்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள். ஆயிற்று என்றேன்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு சாஸ்தா கோயிலுக்குப் போறோம். நீங்க போற குளம் அந்த வழிதான?"

"ஆமா. காலையில குளத்துலதான் இருப்பேன்."

"அப்ப நா எறங்கிக்கிடுதேன். திங்கக்கெழம ஃப்ளைட்டு. அதுக்கு முன்னால ஒண்ணு பேசணும். நேர்லதான் பேசணும்."

என்ன என்று நான் கேட்கவில்லை. வருகிறவளை எதற்கு அவசரப்படுத்துவது? எப்போது மூட்டைகட்டி வருவது என்பதாக இருக்கும். இல்லாவிட்டால் அங்கே இருக்கிற வீட்டை விற்பதாக இருக்கும். நேரில் பேசணும் என்றால் பெரிய விஷயம்தானே. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும்தான் பச்சைக்கு ஆர்டர் போட்டேன்.

எப்படிக் கண்டுபிடிப்பாளா? குளத்தில் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேனே சார். குளத்தில் நான் வேறு எங்கே இருப்பேன்?

கொஞ்சம் பச்சையைத் தாருங்கள். நீங்கள் கறுப்பை வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் ஒரு வேன் நிற்கிறது.

வாழைக்குருத்தும் மாலையும் கட்டியிருக்கிறது. கல்யாண வேன்தான். கதவு திறக்கிறது. ஒரு பெண் இறங்குகிறாள்... அவள்தான். முகம் தெரியத் தேவையில்லை சார். பறவையை நிறத்தை வைத்துச் சொல்லக் கூடாது, நிறம் ஏமாற்றும். அசைவை வைத்துச் சொல்ல வேண்டும். வலதுகாலைக் கொஞ்சம் உள்வாங்கி வைக்கிறாள், பாருங்கள். அது சண்பகம். இளநீலப் புடவை. கையில் ஒன்றும் இல்லை. வேறு யாரும் இறங்கவில்லை, தனியாகத்தான் வந்திருக்கிறாள்.

ரோட்டோரத்துக் கோபுரத்துக்குப் போகிறாள். மேலே அண்ணாந்து பார்க்கிறாள். ஏறவில்லை. திரும்பிவிட்டாள். கரையோரமாக நடக்கிறாள், நிற்கிறாள். நெற்றியில் கையை வைத்துக் குளத்தைப் பார்க்கிறாள். எவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது சார் இதில். ஆட்டமே இல்லை. எட்டுதான் சரி. எட்டுதான்.

இந்தப் பக்கம் பார்க்கிறாள். நம்மைப் பார்த்துவிட்டாள்.

வெறுங்கண்ணுக்கு ஓலைத்தட்டிதான் தெரியும் என்கிறீர்களா? இருக்கலாம். பைனாகுலர் இருந்தால் தெரிந்திருக்கும். அது உங்கள் கையில் இருக்கிறது.

எழுந்திருக்காதீர்கள் சார். கையை இறக்குங்கள். கூப்பிடக் கூடாது. குஞ்சு பொரித்திருக்கிற நேரம். நீங்கள் ஒரு சத்தம் கொடுத்தால் அத்தனை நாரையும் ஒரேயடியாக எழும்பிவிடும். எழும்பினால் கூட்டில் குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கை காத்துக்கொண்டிருக்கிறது. கீழே ஓடுவதும் தப்பு. கரையில் ஆள் ஓடினால் தண்ணீரில் இருக்கிறதெல்லாம் கலையும். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். நாமாகக் கிட்டப் போகக் கூடாது. அசையாமல் இருந்தால் தானாக நம் பக்கம் வரும். எல்லாமே அப்படித்தான் வரும்.

கீழே குனிகிறாள். என்ன எடுக்கிறாள்? இறகு. நாரை இறகு, வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இறகை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறாள். கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கிட்டத்தில் எல்லாம் தெரியுமாமே, அப்படியா? ரொம்ப நேரம் பார்க்கிறாள். ஒரு இறகில் அவ்வளவு என்ன இருக்கிறது?

கண்ணாடியை இறக்கிவிட்டாள். போன் எடுக்கிறாள். காதில் வைத்திருக்கிறாள். பேசவில்லை. பேசினால் அவளுக்கு இடதுகை ஆடும், இப்போது ஆடவில்லை. சும்மா காதில் வைத்தபடி நிற்கிறாள். யாரோ எடுக்கவில்லை போல. மறுபடியும் போடுகிறாள்.

என்ன சார்?

என் போனா? பையில் இருக்கிறது. அணைத்திருக்கிறேன், சொன்னேனே, வழக்கம்...

போடுகிறேன். இருங்கள், போடுகிறேன். பழைய போன், உயிர் வர நேரம் பிடிக்கும். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கிறாளா? கறுப்பில் சரியாகத் தெரியவில்லையா? ரப்பர் மடக்கித்தானே இருக்கிறது? சரி, பச்சை என்னிடம்தான் இருக்கிறது, நானே பார்க்கிறேன்.

வேனைப் பார்த்து நடக்கிறாள். இறகைக் கீழே போடவில்லை. ஏறிவிட்டாள். கதவைச் சாத்துகிறார்கள். ஹாரன் அடிக்கவில்லை, கவனித்தீர்களா? அவள்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். அவளுக்கு இதெல்லாம் தெரியும். கடைசிவரை படத்துக்குள்ளேயே இருந்தாள் சார், ஒரு இடத்தில்கூட நழுவவில்லை. அந்தப் புளியமரம் வரைக்கும்.

கோயிலுக்குப் போய்விட்டு இந்த வழியாகத்தான் திரும்புவார்கள். அப்போது இறங்குவாள்.

நாங்குநேரி வழியாகத் திரும்பிவிடுவார்கள் என்கிறீர்களா? ஆமாம், கோயிலிலிருந்து அதுதான் கிட்டம்.

போன் வந்துவிட்டது. ஏதோ எழுத்து வந்திருக்கிறது. எனக்குக் கிட்டத்தில் தெரியாது. நீங்கள் படியுங்கள் சார். பரவாயில்லை, சத்தமாகவே படியுங்கள், இங்கே யார் இருக்கிறார்கள்.

"வந்தேன். நீங்க இல்ல."

அவ்வளவுதானா? கீழே தள்ளிப் பாருங்கள். அவ்வளவுதானா.

நான் இருந்தேனே சார். முழு நேரமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். நீங்கள் சாட்சி. இறங்கினது, நடந்தது, அந்த இறகு, எதையாவது விட்டேனா? இல்லை என்று எப்படிச் சொல்கிறாள்?

கூப்பிடுகிறேன். கூப்பிடாமல் என்ன. வேன் சத்தத்தில் கேட்காது. போய்ச் சேரட்டும்.

ரோட்டை இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன். சில சமயம் திரும்பி வருவார்கள், எதையாவது விட்டுவிட்டுப் போனால்...

என்ன இது, ஆடுகிறது. புளியமரம் ஆடுகிறது. இது பச்சைதானே? எட்டு மடங்குதானே? எட்டில் இப்படி ஆடாதே சார். புதுசு, இரண்டு நாள்கூடச் சரியாக ஆகவில்லை. உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது.

நீங்கள் வாங்கிப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றாமல் பாருங்கள். எனக்காகத் தெரிகிறது என்று சொல்லிவிடாதீர்கள். நிதானமாகப் பார்த்துவிட்டு, உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். நான் கேட்கிறேன்.